பிளாஸ்மா: மின்னல் முதல் டியூப்லைட் வரை, டெல்டா மக்கள் கேட்கும் கேள்விகள்

பிளாஸ்மா என்றதும் பலரும் ஏதோ வெளிநாட்டு ஆய்வுக்கூடத்துச் சமாசாரம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஆனால் தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறைப் பக்கம் வயலில் இறங்குகிறவர்களுக்கு அதைவிட நெருக்கமான பௌதிகம் வேறில்லை. சித்திரை, வைகாசிக் கோடை மழையிலும் புரட்டாசி, ஐப்பசி மாலைகளிலும் தலைக்கு மேல் வெட்டுகிற மின்னல் பிளாஸ்மாதான். பள்ளிப் பிள்ளைகளும், விவசாயிகளும், வெல்டிங் பட்டறைக்காரர்களும் கேட்கிற கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். மின்னலைப் பற்றிய பதில்கள் மட்டும் நீளமாக இருக்கும். அது உயிர் சம்பந்தப்பட்டது.

பிளாஸ்மா என்றால் என்ன?

திடம், திரவம், வாயு ஆகிய மூன்றுக்கும் அடுத்த நிலை. ஒரு வாயுவுக்கு மிகுந்த வெப்பமோ வலுவான மின்புலமோ கிடைத்தால், அணுக்களிலிருந்து எலக்ட்ரான்கள் பிய்த்துக்கொண்டு வெளியே வந்துவிடும். மிஞ்சுவது நேர்மின்சுமை கொண்ட அயனிகள். இப்படி எலக்ட்ரான்களும் அயனிகளும் கலந்து திரிகிற வாயுவே பிளாஸ்மா. சாதாரணக் காற்று மின்சாரத்தைக் கடத்தாது, பிளாஸ்மா கடத்தும். காந்தத்துக்கு அசையும், பெரும்பாலும் ஒளிரும்.

1879-ல் வில்லியம் குரூக்ஸ் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி, காற்றை உறிஞ்சி எடுத்த கண்ணாடிக் குழாய்களில் மின்சாரம் பாய்ச்சி இந்த நிலையை ஆராய்ந்தார். 1928-ல் அமெரிக்கரான இர்விங் லாங்முயர் அதற்குப் பிளாஸ்மா என்று பெயர் வைத்தார்.

ரத்த தானத்தில் சொல்கிற பிளாஸ்மாவும் இதுவும் ஒன்றா?

இல்லை. அது ரத்த அணுக்களை நீக்கியபின் மிஞ்சும் மஞ்சள் நிறத் திரவம். ரத்தத்தில் பாதிக்கு மேல் அதுதான். இரண்டுக்கும் பெயரைத் தவிர எந்த உறவும் கிடையாது.

வீட்டில் எரியும் அகல்விளக்குச் சுடர் பிளாஸ்மாவா?

ஏறக்குறைய இல்லை என்றே சொல்லலாம். சுடரில் கொஞ்சம் அயனிகள் உண்டு, ஆனால் மிகச் சொற்பம். அந்த மஞ்சள் வெளிச்சம், முழுதாக எரியாத கரித்துகள்கள் சூடேறி ஒளிர்வதால் வருவது. வெல்டிங் பொறி (தெறிக்கும் தீப்பொறியல்ல, கம்பி நுனியில் பளிச்சென்று எரிவது) அப்படியல்ல, அது அசல் பிளாஸ்மா.

மின்னல் எப்படி உண்டாகிறது?

மேகத்துக்குள் பனித்துகள்களும் ஆலங்கட்டிகளும் மோதி மோதி மின்சுமை பிரிகிறது. பெரும்பாலும் மேகத்தின் அடிப்பக்கம் எதிர்மின்சுமை சேரும். அது மிகும்போது, மேகத்திலிருந்து ஒரு மின்தடம் சுமார் 50 மீட்டர் நீளப் படிகளாகத் தாவித் தாவிக் கீழே இறங்குகிறது. அது தரையை நெருங்கும்போது, கீழே உயரமாக நிற்பவை எல்லாவற்றிலிருந்தும் (பனைமரம், தென்னை, கோபுரம், வரப்பில் நிற்கும் ஆள்) சிறு மின்தடங்கள் மேல்நோக்கிக் கிளம்பும். அவற்றில் ஏதோ ஒன்று மேலிருந்து வருவதோடு தொட்டுக்கொண்டதும் பாதை முழுமையாகிவிடும். நாம் பார்க்கும் பளிச்சிடல் அந்தக் கணத்தில்தான்.

ஓரிடத்தில் வரப்பு உடைத்துக்கொண்டால், பாய்கிற தண்ணீரே அந்த உடைப்பை மேலும் அகலமாக்குமல்லவா? அதே மாதிரி, பாய்கிற மின்சாரம் காற்றைச் சூடாக்கிப் பிளாஸ்மாவாக்க, பிளாஸ்மா இன்னும் எளிதாக மின்சாரத்தைக் கடத்த, ஒரு நொடியில் லட்சத்தில் சில பங்கு நேரத்துக்குள் சுமார் 30,000 ஆம்பியர் ஓடிவிடுகிறது. அந்தத் தடத்தின் அகலம் சில சென்டிமீட்டர்தான். ஆனால் வெப்பம் 30,000 டிகிரி செல்சியஸ் அளவுக்குப் போகும். சூரியனின் மேற்பரப்பே சுமார் 5,500 டிகிரிதான்.

மின்னல் கண்ணுக்கு நடுங்குவது போலத் தெரிவதற்கும் காரணம் உண்டு. ஒரே தடத்தில் மூன்று நான்கு முறை அடுத்தடுத்து மின்சாரம் பாய்கிறது.

இடி விழுந்து மரம் கருகியது என்கிறார்களே, விழுவது இடியா மின்னலா?

மரத்தைத் தாக்குவது மின்னல். இடி வெறும் ஓசை. அவ்வளவு சூடான காற்று ஒரே கணத்தில் விரிந்து வெடிப்பதால் வரும் சத்தம் அது. பேச்சில் 'இடி விழுந்தது' என்றே சொல்லிப் பழகிவிட்டோம், சொல்லிக்கொள்ளலாம். ஓசைதானே என்று இடியை அசட்டை செய்யாமல் இருந்தால் போதும்.

மின்னல் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று எப்படிக் கணக்கிடுவது?

மின்னியதும் விநாடிகளை எண்ணத் தொடங்குங்கள். இடி கேட்டதும் நிறுத்தி, மூன்றால் வகுத்தால் கிலோமீட்டர் வந்துவிடும். ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது. பதினைந்து எண்ணினால் ஐந்து கிலோமீட்டர்.

ஆனால் இந்தக் கணக்கைத் தைரியத்துக்கு வைத்துக்கொள்ளக் கூடாது. மழை பெய்கிற இடத்திலிருந்து பத்து கிலோமீட்டருக்கு அப்பாலும் மின்னல் வந்து விழும். இடி காதில் கேட்டாலே நாம் அதன் எல்லைக்குள் இருக்கிறோம். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் உடனே உள்ளே போய்விட வேண்டும். கடைசி இடி கேட்டபின் முப்பது நிமிஷம் கழித்துத்தான் வெளியே வர வேண்டும்.

நடவு நடக்கும்போது மின்னல் வந்தால் என்ன செய்வது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைப் படிக்க நேரமிருந்தால், இதைப் படியுங்கள். மின்னலால் இந்தியாவில் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் சாகிறார்கள். அவர்களில் மிகப் பலர் வயலிலும் மேய்ச்சலிலும் இருந்த எளிய மக்கள்.

டெல்டா வயலின் அமைப்பே ஆபத்துக்கு வாகானது. கண்ணுக்கெட்டிய தூரம் சமதரை, நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பனை. தண்ணீர் நிற்கிற வயலில் வரிசையாகப் பெண்கள் குனிந்து நட்டுக்கொண்டிருப்பார்கள். மின்னல் நேராக ஆள்மேல் விழுவது குறைவு. பக்கத்தில் விழுந்த மின்சாரம் தரைவழியாகப் பரவி, ஒரு காலில் ஏறி மறு காலில் இறங்குவதால் நேரும் சாவுகளே அதிகம். மாடுகளின் முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் இடைவெளி அதிகம், மின்சாரம் இதயம் வழியாகப் பாயும். அதனால்தான் மரத்தடியில் கட்டிய மாடுகள் ஒரே மின்னலில் கூட்டமாகச் செத்துக் கிடக்கின்றன.

செய்ய வேண்டியது இது. மேற்கே கருக்கல் கட்டி முதல் இடி கேட்டதுமே வேலையை நிறுத்திக் கரையேறுங்கள். 'இந்த ஒரு முடியை மட்டும் நட்டுவிடலாம்' என்ற நினைப்புதான் ஆளைக் கொல்கிறது. காங்கிரீட் கட்டடம் நல்லது. உலோக மேற்கூரை உள்ள கார், வேன், பேருந்து ஆகியவையும் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உட்கார்ந்தால் நல்லவை. கூண்டில்லாத டிராக்டர், சைக்கிள், பைக் உதவாது. தென்னங்கீற்றுக் கொட்டகையும், பக்கம் திறந்த மோட்டார் கொட்டகையும் மழையை மறைக்கும், மின்னலை மறைக்காது. தனிமரத்தடி எதையும்விட மோசம்.

எங்கேயும் போக வழியில்லை என்றால் தண்ணீரைவிட்டு வெளியே வந்து, மரத்துக்கும் கம்பி வேலிக்கும் தள்ளிப் போய், ஒருவருக்கொருவர் நன்றாக இடைவெளிவிட்டு, இரண்டு காலையும் ஒட்டவைத்துக் குந்துங்கள். படுக்கக் கூடாது. இது பாதுகாப்பு ஆகாது, ஆபத்தைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவே. மண்வெட்டியையும் அரிவாளையும் கீழே போட்டால் மட்டும் தப்பிவிடலாம் என்றும் நினைக்க வேண்டாம். உயரமும் இருக்கும் இடமும்தான் முக்கியம்.

வேலைக்கு ஆள் வைக்கிற மிராசுதாரரும் குத்தகைதாரரும் இதில் பொறுப்பெடுக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். கூலி பிடிப்பார்களோ என்ற பயம் இருந்தால் எந்த அம்மாவும் முதல் இடிக்குக் கரையேற மாட்டார். மின்னலுக்காக நின்ற நேரத்துக்குக் கூலி பிடிப்பதில்லை என்று காலையிலேயே சொல்லிவிடுங்கள். புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை நிறுவனம் உருவாக்கிய 'தாமினி' செயலி, நீங்கள் நிற்கும் இடத்துக்கு 20, 40 கிலோமீட்டர் சுற்றளவில் மின்னல் இருந்தால் எச்சரிக்கும். வயலில் யாராவது ஒருவர் போனிலாவது அது இருக்கட்டும்.

மின்னல் தாக்கியவரைத் தொட்டால் நமக்கும் ஷாக் அடிக்குமா?

அடிக்காது. அவர் உடம்பில் மின்சாரம் தங்கியிருக்காது. இந்தத் தவறான பயத்தால் காப்பாற்றியிருக்கக்கூடிய உயிர்கள் போகின்றன. மூச்சோ நாடியோ இல்லையென்றால் 108-ஐ அழைக்கச் சொல்லிவிட்டு, உடனே மார்பின் நடுவில் நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்தத் தொடங்குங்கள். பலர் ஒரே சமயத்தில் விழுந்து கிடந்தால், அசைவில்லாமல் கிடப்பவரை முதலில் பாருங்கள். முனகுகிறவர் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார்.

செல்போன் மின்னலை இழுக்குமா?

இழுக்காது. சார்ஜரில் மாட்டியபடி பேசுவதுதான் கூடாது, மின்கம்பி வழியாக ஆபத்து வரும். டிவி, மோட்டார் ஸ்டார்ட்டர், கேபிள் பெட்டி எல்லாவற்றையும் இடி நெருங்கும் முன்பே பிடுங்கிவைப்பது நல்லது. மின்னும்போது கையை வைக்காதீர்கள்.

கோபுரக் கலசம் இடிதாங்கி, அதிலுள்ள வரகு மின்னலைத் தாங்கும் என்கிறார்களே?

இந்தக் கேள்வி வராத கூட்டமே இல்லை. கேட்பவர்களின் பெருமிதம் எனக்குப் புரிகிறது. ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும். இடிதாங்கிக்கு மூன்று உறுப்புகள் வேண்டும்: உச்சியில் உலோகக் கம்பி, அதிலிருந்து அறுபடாமல் இறங்கும் தடித்த உலோகப் பட்டை, ஈரமண்ணில் ஆழப் புதைத்த எர்த். கலசம் உச்சியில் இருப்பதால் மின்னல் அதைத் தேடி வரும், சரி. ஆனால் அங்கிருந்து தரைக்கு இறங்க உலோகப் பாதை இல்லையென்றால் அது கல்லையும் சுதையையும் பிளந்துகொண்டுதான் இறங்கும். வரகு தானியத்துக்கு மின்சாரத்தில் எந்தப் பங்கும் இல்லை. தஞ்சைப் பெரிய கோயில் விமானம் 216 அடி உயரம். இவ்வளவு உயரமான கட்டுமானங்களுக்குப் பட்டையும் எர்த்தும் கொண்ட முறையான இடிதாங்கிதான் காவல். ஊர்க் கோயிலில் குடமுழுக்குத் திருப்பணி நடக்கும்போது அந்தப் பட்டை அறுந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பெயிண்ட் அடிக்கும்போது கழற்றிப் போட்டுவிட்டு மறந்துவிடுவார்கள்.

இடிமழைக்குப் பயிர் பச்சை கட்டுகிறது. மின்னலில் உரம் இருக்கிறதா?

இருக்கிறது, ஆனால் நினைக்கிற அளவு இல்லை. காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். அதன் இரு அணுக்களும் மிக இறுக்கமாகப் பிணைந்திருப்பதால் பயிரால் அதை அப்படியே எடுக்க முடியாது. மின்னலின் பிளாஸ்மா அந்தப் பிணைப்பை உடைக்கிறது, உடைந்தது ஆக்சிஜனோடு சேர்கிறது, மழைநீரில் கரைந்து நைட்ரேட்டாக மண்ணுக்கு வருகிறது. உலகம் முழுவதும் மின்னல் இப்படி ஆண்டுக்கு 20 லட்சம் முதல் 80 லட்சம் டன் நைட்ரஜனைக் கட்டுவதாக மதிப்பிடுகிறார்கள். கேட்கப் பெரிதாக இருந்தாலும், பூமிப்பரப்பு முழுவதற்கும் பங்கு போட்டால் சராசரியாக ஏக்கருக்கு ஒரு கிலோகூடத் தேறாது. 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றிலேயே சுமார் 20 கிலோ நைட்ரஜன் இருக்கிறது.

அப்புறம் பயிர் ஏன் தெளிகிறது? காய்ந்த மண் திடீரென நனையும்போது நுண்ணுயிர்கள் விழித்துக்கொண்டு, மண்ணில் முடங்கியிருந்த நைட்ரஜனை விடுவிக்கின்றன. இலையில் படிந்த தூசியும் கழுவப்படுகிறது. தாளடிக்குப் பின் நாம் தெளிக்கும் உளுந்தும் பயறும் வேர்முடிச்சில் நைட்ரஜன் சேர்ப்பது மின்னலைவிடப் பல மடங்கு பெரிது.

மின்னலைப் பார்த்து மனிதன் உரம் செய்த கதையும் உண்டு. 1903-ல் நார்வேயில் கிறிஸ்தியன் பிர்க்கலாண்ட் என்ற பேராசிரியரும் சாம் ஐடே என்ற பொறியாளரும், மின்பொறியைக் காந்தத்தால் பெரிய வட்டத்தட்டாக விரித்து, அதன் வழியே காற்றைச் செலுத்தி நைட்ரேட் உரம் எடுத்தார்கள். 1905-ல் நோட்டோடன் ஊரில் ஆலையே வந்தது. அருவி மின்சாரம் மலிவாகக் கிடைத்ததால் அது நடந்தது. காற்றின் நைட்ரஜனை அம்மோனியாவாக்கும் ஹேபர், பாஷ் முறை 1913-ல் தொழிற்சாலைக்கு வந்தபின் மின்செலவு கட்டுப்படியாகாமல் நின்றுபோனது. இப்போது சூரிய மின்சாரம் மலிவாகிவருவதால், சிறிய அளவில் பிளாஸ்மா உரம் செய்யும் ஆய்வு பல நாடுகளில் திரும்பத் தொடங்கியிருக்கிறது. வாய்க்கால் தலைப்பிலேயே உரம் தயாரிக்கும் ஒரு காலம் வந்தால் டெல்டாவுக்கு அதைவிட நல்லது வேறில்லை.

இடி இடித்தால் காளான் முளைக்குமா?

மழையின் ஈரம்தான் முதன்மைக் காரணம். ஆனாலும் ஜப்பானில் இவாத்தே பல்கலைக்கழகத்தில் காளான் வளர்க்கும் கட்டைகளுக்கு உயர்மின்னழுத்தத் துடிப்பு கொடுத்துப் பார்த்தபோது விளைச்சல் கூடியது. ஊர்ப் பேச்சை முற்றாகத் தள்ள வேண்டியதில்லை.

கொள்ளிவாய்ப் பிசாசு பிளாஸ்மாவா?

சதுப்பிலும் சுடுகாட்டு ஓரத்திலும் தெரிவதாகச் சொல்லப்படும் அந்த வெளிச்சத்துக்கு, மக்கும் பொருளிலிருந்து எழும் மீத்தேன் போன்ற வாயுக்களைத்தான் பொதுவாகக் காரணம் சொல்வார்கள். அது வேதிவினை, பிளாஸ்மா இல்லை. உருண்டை மின்னல் என்பது வேறு. இடிமழையின்போது பந்துபோல மிதக்கும் ஒளி அது. 2012-ல் சீனாவின் சிங்ஹாய் பகுதியில் மின்னலைப் படம்பிடித்துக்கொண்டிருந்த ஆய்வாளர்களின் கருவியில் அப்படி ஒன்று சிக்கியது. அதன் நிறமாலையில் சிலிக்கன், இரும்பு, கால்சியம் இருந்தன, அதாவது மண்ணில் உள்ளவை.

நாகை, வேதாரண்யம் பக்கம் இரவில் மின்கம்பத்தில் ஊதா ஒளியும் 'கொர்ர்' சத்தமும் ஏன்?

கடல்காற்றில் வரும் உப்பு, உயரழுத்தக் கம்பிகளைத் தாங்கும் பீங்கான்களில் படிகிறது. பனியோ தூறலோ விழுந்ததும் அந்த உப்புப்படலம் மின்சாரத்தைக் கசியவிடும், சுற்றியுள்ள காற்று லேசாகப் பிளாஸ்மாவாகி ஒளிரும். முற்றினால் பொறி பறந்து லைன் போய்விடும். பார்த்தால் மின்வாரியத்துக்குத் தகவல் சொல்லுங்கள், கிட்டே போக வேண்டாம்.

டியூப்லைட் உள்ளே என்ன நடக்கிறது? தொட்டால் ஏன் சுடுவதில்லை?

குழாய்க்குள் துளி பாதரசமும் கொஞ்சம் ஆர்கான் வாயுவும் இருக்கும். வெளிக்காற்றின் அழுத்தத்தில் நூற்றில் ஒரு பங்குகூட உள்ளே இராது. சுவிட்சைப் போட்டதும் ஸ்டார்ட்டருக்குள் ஒரு குட்டிப் பிளாஸ்மா மினுக்கி, அதன் சூட்டில் உலோகத் தகடு வளைந்து இணைகிறது, பிறகு விலகுகிறது. விலகும் கணத்தில் சோக் ஒரு உயரழுத்த உதை கொடுக்க, குழாய் முழுதும் பிளாஸ்மா பற்றிக்கொள்கிறது. பாதரசத்திலிருந்து வருவது கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளி. கண்ணாடியின் உட்புற வெள்ளைப் பூச்சு அதை வெளிச்சமாக மாற்றுகிறது.

உள்ளே எலக்ட்ரான்களின் வெப்பநிலை பத்தாயிரம் டிகிரிக்கு மேல். ஆனால் அவை மிக லேசானவை, மிகச் சில. கனமான அணுக்கள் கிட்டத்தட்ட அறைச் சூட்டிலேயே இருப்பதால் கை சுடுவதில்லை. எல்இடி பல்பில் பிளாஸ்மா கிடையாது, அது குறைகடத்தி. தெருவில் முன்பு எரிந்த மஞ்சள் சோடியம் விளக்கு பிளாஸ்மா. எலக்ட்ரீஷியன் சட்டைப்பையில் வைத்திருக்கும் டெஸ்டரில் ஒளிரும் ஆரஞ்சுப் பொட்டு நியான் பிளாஸ்மா.

வெல்டிங் பொறியைப் பார்த்தால் இரவில் கண்ணில் மணல் விழுந்தது போல உறுத்துவது ஏன்?

வெல்டிங் பொறியின் வெப்பம் 6,000 டிகிரிக்குக் குறையாது. அதிலிருந்து வரும் புற ஊதா ஒளி கண்ணின் கருவிழிப் படலத்தை வேகவைத்துவிடுகிறது. வலி சில மணி நேரம் கழித்துத் தெரிவதால் பகலில் யாரும் கவலைப்படுவதில்லை. அறுவடை இயந்திரம் பழுதுபார்க்கும் பட்டறைகளில் பையன்கள் வெறுங்கண்ணோடு பிடித்துக்கொடுப்பதைப் பார்க்கும்போது மனசு பதறுகிறது. வெல்டர் மட்டுமல்ல, பிடிப்பவருக்கும் முகக்கவசம் வேண்டும். திருச்சி பெல் ஆலையில் வெல்டிங்குக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் உண்டு. அவ்வளவு திறமை குவிந்த மண்ணில் கண் கெடுவதை ஏற்றுக்கொள்ள முடியாது.

இரவில் மட்டும் தூரத்து ரேடியோ நிலையங்கள் எடுப்பது எதனால்?

தரைக்கு மேலே 60 கிலோமீட்டரிலிருந்து தொடங்கும் அயனிமண்டலம் சூரிய ஒளியால் உண்டான பிளாஸ்மா. அதன் அடிப்பகுதி பகலில் மத்திய அலையை (மீடியம் வேவ்) விழுங்கிவிடும். பொழுது சாய்ந்ததும் அந்த அடுக்கு மறைந்து, மேலடுக்கு அலைகளைத் திருப்பி அனுப்பும். கரையோர ஊர்களில் இலங்கை வானொலி அவ்வளவு தெளிவாக எடுத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. உப்புக்கடல் பரப்பின்மேல் மத்திய அலை தேயாமல் வெகுதூரம் வரும்.

பூமியின் காந்த நடுக்கோடு தமிழகத்தின் தெற்குப் பகுதியை ஒட்டிப் போகிறது. அதனால் நம் தலைக்கு மேலுள்ள பிளாஸ்மாவில் பொழுது சாய்ந்தபின் அடர்த்தி குறைந்த குமிழிகள் எழும்பி ஜி.பி.எஸ். சிக்னலைத் தடுமாறவைக்கும். விசைப்படகுக்காரர்கள் இதைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. இதை ஆராயத் திருநெல்வேலியில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் இருக்கிறது.

சூரியனும் பிளாஸ்மாதானா?

முழுக்க முழுக்க. நட்சத்திரங்கள் எல்லாமே அப்படித்தான். நட்சத்திர ஒளியைப் பார்த்து அங்கே எந்த அளவுக்கு அணுக்கள் அயனியாகியிருக்கின்றன என்று கணிக்கும் சமன்பாட்டை 1920-ல் தந்தவர் மேகநாத் சாகா என்ற இந்திய இயற்பியலாளர். சூரியனைப் பற்றி நம் பக்கத்திலேயே பெரிய வேலை நடந்திருக்கிறது. கொடைக்கானல் வானாய்வகத்தில் 1909-ல் ஜான் எவர்ஷெட் என்ற ஆங்கிலேய வானியலாளர், சூரியப் புள்ளிகளிலிருந்து வாயு வெளிப்புறமாகப் பாய்வதைக் கண்டுபிடித்தார். 2023 செப்டம்பர் 2-ல் இந்தியா ஏவிய ஆதித்யா எல்-1 விண்கலம், பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி நின்று, சூரியனிலிருந்து வீசும் பிளாஸ்மாவான சூரியக்காற்றை அளக்கிறது. அதை ஏவியபோது திட்ட இயக்குநராக இருந்த நிகர் ஷாஜி செங்கோட்டையில் பிறந்தவர். 2024 மே மாதச் சூரியப் புயலின்போது லடாக்கின் ஹன்லேயில் சிவப்பு வானொளி (துருவ ஒளி) தெரிந்தது. டெல்டாவில் அதை எதிர்பார்க்க முடியாது, நாம் துருவத்திலிருந்து வெகுதூரம்.

சூரியனைப் போல இங்கேயே மின்சாரம் எடுக்க முடியுமா?

முயல்கிறார்கள். சூரியனின் மையத்தில் ஒன்றரைக் கோடி டிகிரி வெப்பத்திலும் பெரும் அழுத்தத்திலும் ஹைட்ரஜன் அணுக்கருக்கள் இணைவதால்தான் ஆற்றல் வருகிறது. அந்த அழுத்தம் பூமியில் இல்லாததால், பிரான்சில் கட்டப்படும் ஐட்டர் உலையில் 15 கோடி டிகிரிப் பிளாஸ்மாவைக் காந்தத்தால் தாங்கப் போகிறார்கள். அதில் இந்தியாவும் பங்குதாரர். அந்த உலையைச் சுற்றியுள்ள மாபெரும் குளிர்க்கலனைச் செய்து கொடுத்தது நாம்தான். மின்கட்டணத்தில் அதன் பலன் தெரியப் பல பத்தாண்டுகள் ஆகும்.

நெல், உணவு சம்பந்தமாக ஏதாவது பயன் உண்டா?

டியூப்லைட்டில் சொன்ன குளிர்ந்த வகைப் பிளாஸ்மாவால் தானியத்தின் மேற்பரப்பில் உள்ள பூஞ்சையையும் கிருமியையும் சூடேற்றாமல் அழிக்கலாம். விதை முளைப்பை விரைவுபடுத்தவும் முயன்றுவருகிறார்கள். தஞ்சாவூரிலேயே உள்ள தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனத்தில் இந்த வகை வெப்பமில்லாப் பதன ஆய்வு நடந்திருக்கிறது. ஆனால் யாராவது 'பிளாஸ்மா தண்ணீர்' என்று பாட்டிலில் விற்க வந்தால் வாங்காதீர்கள்.

பியூஸ் போன டியூப்லைட்டை என்ன செய்வது?

உடைக்க வேண்டாம். உள்ளே பாதரசம் இருக்கிறது. வாய்க்காலிலோ குளத்திலோ எறிந்தால் அது மீனுக்கும் பிறகு நம் வயிற்றுக்கும் வரும். அட்டையில் சுற்றித் தனியாக வைத்து, ஊராட்சி அல்லது நகராட்சியின் குப்பை சேகரிப்பவரிடம் இன்னதென்று சொல்லிக் கொடுங்கள். தவறி உடைந்தால் கதவு சன்னலைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே இருந்துவிட்டு, துடைப்பத்தால் பெருக்காமல் அட்டையால் வழித்தெடுத்து, ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள்.